பதின்மூன்று பேருக்கு ஒரு தோசை மாஸ்டர்

சிங்கப்பூரில் நம்மூர்ச் சாப்பாட்டுக் கடை போட வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று ஏற்பாடுகளோடு வருகிறார்கள். கையில் பணம், ஊரில் பேர் எடுத்த ஒரு மாஸ்டர், நூற்றிருபது அயிட்டம் அச்சடித்த மெனு அட்டை. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கடை பார்த்து, முன்பணம் கட்டி, பெயர்ப் பலகைக்கும் சொல்லிவிட்டுத்தான் மனிதவள அமைச்சின் விதிகளைப் படிக்க உட்காருகிறார்கள். அப்போதுதான் தெரிகிறது, மாஸ்டரைக் கூப்பிட வழியில்லை என்று. கடை வாடகையோ ஓட ஆரம்பித்திருக்கும்.

சிராங்கூன் சாலையில் ருசிக்குப் பஞ்சமே கிடையாது. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-இல் வந்த கோமள விலாஸும் இன்னும் இட்லி அவித்துக்கொண்டிருக்கின்றன. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் மீன் தலைக் கறிக்கு 1969-இலிருந்து முத்தூஸ் கறி, 1974-இலிருந்து பனானா லீஃப் அப்போலோ. இந்த வரிசையில் போய்க் கடை திறக்கிறவர் தன் சாம்பார் நன்றாக இருக்கும் என்பதை மட்டும் நம்பித் திறக்கக் கூடாது. இங்கே கடை நிற்பதும் விழுவதும் எத்தனை கைகளை வைத்து எத்தனை தட்டு போட முடிகிறது என்பதில்தான். அதனால் மெனுவுக்கு முன்னால் ஆள் கணக்கு.

ஆள் கணக்கு

கீழே வரும் எண்கள் 2025 நிலவரம். ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஏதாவது ஒன்று மாறும், விண்ணப்பிக்கும் நாளில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவகம் சேவைத் துறையில் வருகிறது. மொத்த ஊழியர்களில் வெளிநாட்டவர் 35 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. எஸ் பாஸில் (நடுத்தரத் திறன் ஊழியருக்கான வேலைச் சீட்டு) வருகிறவர்கள் 10 சதவீதம் வரைதான், அவர்களும் அந்த 35-க்குள்ளேயே அடக்கம். சாதாரண வேலை அனுமதியில் மலேசியர்களை எந்த வேலைக்கும் எடுக்கலாம். இந்தியாவிலிருந்து அந்த அனுமதியில் சேவைத் துறைக்கு ஆள் எடுக்க முன்பு வழியே இல்லாமல் இருந்தது. 2023 செப்டம்பர் 1 முதல் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு ஒரு கதவு திறந்தது, இந்திய உணவகங்களின் சமையற்காரர் வேலை அதில் ஒன்று. நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுக்க வேண்டும். அப்படி வருகிறவர்கள் மொத்த ஊழியர்களில் 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

எட்டு சதவீதம் என்றால் என்ன என்பதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர் உள்ள கடைக்கு 0.96. ஒருவர்கூடத் தேறவில்லை. பதின்மூன்றாவது ஆள் சேர்ந்தால்தான் 1.04, அதாவது ஒரே ஒரு தோசை மாஸ்டர். இரண்டு பேர் வேண்டுமென்றால் கடையில் 25 பேர் இருக்க வேண்டும்.

பதின்மூன்று பேர் கடையை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். உள்ளூர்க்காரர்கள், அதாவது குடிமக்களும் நிரந்தரவாசிகளும், ஒன்பது பேர். மிச்சம் நான்கு இடம். அதில் ஒன்று எஸ் பாஸ் தலைமைச் சமையற்காரருக்கு, ஒன்று இந்தியாவிலிருந்து வேலை அனுமதியில் வரும் மாஸ்டருக்கு, இரண்டு மலேசியர்களுக்கு. ஐந்தாவது வெளிநாட்டவரைச் சேர்த்தால் 14-இல் 5, அதாவது 35.7 சதவீதம். விண்ணப்பம் திரும்பிவிடும்.

அந்த ஒன்பது உள்ளூர்க்காரர்கள் பெயரளவுக்கு இருந்தால் போதாது. 2024 ஜூலை முதல் மாதம் 1,600 வெள்ளியாவது வாங்குகிறவர்தான் ஒரு முழு ஆளாக எண்ணப்படுகிறார். 800-லிருந்து 1,600-க்குள் வாங்குகிற பகுதிநேர ஊழியர் அரை ஆள். மணிக்கணக்கில் வருகிறவருக்கு மணிக்கு 10.50 வெள்ளிக்குக் குறையக் கூடாது. எல்லாரையும் முழுநேரத்துக்குத் தேடி அலையாமல், மதியக் கூட்டத்துக்கு மட்டும் வரக்கூடிய இல்லத்தரசிகள், ஓய்வு பெற்றவர்கள் என்று அரை ஆட்களைச் சேர்த்து எண்ணிக்கையை ஏற்றுவது பல கடைகளுக்குச் சரிப்பட்டு வருகிறது. மாஸ்டரை வரவழைப்பதற்கு முன்பே இவர்கள் சம்பளப் பட்டியலில் இருந்து, மத்திய சேம நிதிக்கு (நம்மூர் பி.எஃப். மாதிரி) சந்தா போயிருக்க வேண்டும். இட ஒதுக்கீட்டை அமைச்சு அந்தச் சந்தாவை வைத்துத்தான் கணிக்கிறது. 55 வயது வரையுள்ளவருக்கு முதலாளியின் பங்கு 17 சதவீதம் என்பதையும் சம்பளக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய மாஸ்டருக்கு 2,000 வெள்ளி என்றதும் மலிவாகத் தோன்றும். அதன்மேல் அரசுக்குக் கட்டும் மாதாந்தரத் தீர்வை. திறன் குறைந்தவர் என்ற வகைப்பாட்டில் 450-லிருந்து 800 வரை, ஒதுக்கீட்டில் அவர் எந்தப் படியில் விழுகிறார் என்பதைப் பொறுத்தது. கூடுதல் திறன் உள்ளவராகப் பதிவானால் 300-லிருந்து 600. ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, 5,000 வெள்ளிக்குப் பிணைப் பத்திரம், தங்குமிடம், சாப்பாடு. எல்லாம் சேர்த்தால் 3,000 வெள்ளிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எஸ் பாஸ்காரருக்கு 2025 செப்டம்பரிலிருந்து சம்பளமே குறைந்தது 3,300, வயது கூடக் கூட அந்த வரம்பும் ஏறும். மாதத் தீர்வை 650.

இந்தக் கணக்கு இறுக்கும்போது இரண்டு குறுக்குவழிகளை யாராவது வந்து சொல்வார்கள். முதலாவது, வேலைக்கே வராத உறவுக்காரர் பெயரில் சேம நிதி கட்டி ஆள் எண்ணிக்கையை ஊதிக் காட்டுவது. இரண்டாவது, வேலை வாங்கித் தந்ததற்காக ஊரிலேயே சமையற்காரரிடம் இரண்டு லட்சம், மூன்று லட்சம் வாங்கிக்கொள்வது. இரண்டும் வெளிநாட்டு ஊழியர் வேலை நியமனச் சட்டத்தின்படி குற்றம். ஊழியரிடம் வேலைக்காகப் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. ‘ஊர்ல கொடுத்ததுதானே’ என்ற சமாதானம் அங்கே எடுபடாது. இனிமேல் ஆளே எடுக்க முடியாதபடி தடை விழுந்துவிட்டால், அபராதத்தைவிட அதுதான் கடையைச் சாய்க்கும்.

இருக்கிற கைகளுக்கு ஏற்ப மெனுவை வெட்டுவது

சென்னையில் ஒரு நடுத்தர ஓட்டல் சமையலறையில் தோசைக்கு ஒருவர், பரோட்டாவுக்கு ஒருவர், தந்தூருக்கு ஒருவர், சைனீஸுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என்று தனித்தனி மாஸ்டர்கள். ஒருவர் மற்றவர் அடுப்பைத் தொடமாட்டார். அந்த மெனுவை அப்படியே இங்கே பதியம் போட்டால் ஐந்து தனித்திறன் ஆட்கள் வேண்டும். ஒதுக்கீட்டில் இருப்பது இரண்டு.

அதனால் அடுப்பு வாரியாக யோசிக்க வேண்டும். கல், ஆவி, குழம்பு என்று மூன்று இடம் போதும். கல்லில் தோசை, ஊத்தப்பம், முட்டை வகை. ஆவியில் இட்லி, இடியாப்பம், புட்டு. குழம்பு அடுப்பில் சாம்பார், இரண்டு அடிப்படைக் கிரேவி, பொங்கல், பிரியாணி. இந்த மூன்றிலிருந்து முப்பத்தைந்து அயிட்டம் தாராளமாக எழுதலாம். தந்தூர் அடுப்பை முதல் வருடம் மறந்துவிடுங்கள். பரோட்டா வேண்டுமென்றால் மலேசியத் தமிழர்களில் மாவு வீசத் தெரிந்தவர்கள் கிடைப்பார்கள், ஆனால் அவர்கள் கை பழகியது பிரட்டாவுக்கு (இந்தப் பக்கத்துப் பரோட்டா). மதுரைப் பரோட்டாவின் அடுக்கும் சால்னாவும் வேறு. வாடிக்கையாளர் எதை எதிர்பார்த்து வருகிறார் என்று தெரிந்து பெயர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் குறை கேட்கும்.

ஒவ்வொரு அயிட்டத்துக்கும் ஒரு கேள்வி: மாஸ்டர் விடுப்பில் ஊருக்குப் போன மூன்று வாரமும் இது அதே ருசியில் வருமா? வராது என்றால் அது மெனுவில் இருக்கக் கூடாது, அல்லது அதன் கடினமான பகுதி முன்கூட்டியே எடை போட்டு வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சாம்பார்ப் பொடி, குருமா மசாலா, தாளிப்பு அளவு எல்லாவற்றையும் கிராமில் எழுதி, ஒரு அண்டாவுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டி வைத்துவிட்டால் உள்ளூர் உதவியாளரே குழம்பு அடுப்பைப் பார்த்துக்கொள்வார். ‘கண் அளவு’ பேசுகிற மாஸ்டருக்கு இது பிடிக்காது. எடுக்கும்போதே பேசிவிடுவது நல்லது.

பாத்திரம் கழுவுவதும் ஆள் கணக்குத்தான். டபரா செட் அழகு, ஆனால் அதைக் கழுவிக் காய வைக்க ஒரு ஆள் நாள் முழுக்க நிற்பார். மூடி இறக்கும் வகைப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒரு தட்டு அடுக்கை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிடும். குழி தட்டுகள் அதில் நேராக நிற்கிற அளவுதானா என்று பார்த்துவிட்டுத் தட்டு வாங்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டால் கழுவும் வேலை பாதியாகிறது. இலைச் செலவையும் கழுவும் ஆள் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கூட்டமான கடைக்கு இலைதான் மலிவு.

மாவு

ஊரில் ராத்திரி ஆட்டி வைத்தால் காலையில் சரியாக இருக்கும். அந்தப் பழக்கத்தோடு வருகிற மாஸ்டர்கள் முதல் வாரத்தில் தோற்பது இங்கேதான். சிங்கப்பூரில் மார்கழி என்று ஒன்று கிடையாது. ராத்திரியும் 25, 26 டிகிரி. அடுப்பு அணைத்த சமையலறை, கதவு மூடிய கடைவீடு (கீழே கடை, மேலே மாடி உள்ள பழைய கட்டடம்), 29-30 டிகிரிக்குக் குறையாது. ஆறேழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். ராத்திரி பத்துக்கு ஆட்டியது காலை ஆறரைக்கு ஏற்கெனவே புளித்து இறங்க ஆரம்பித்திருக்கும். இட்லி தட்டையாகும், தோசை சீக்கிரம் கருகும்.

ஒரு நாளைக்கு 250 பேர் வரும் கடைக்கு அளவு இப்படிப் போகும்: இட்லி அரிசி 10 கிலோ, முழு உளுந்து இரண்டரைக் கிலோ, வெந்தயம் 50 கிராம். தண்ணீரும் சேர்ந்து 32-லிருந்து 35 கிலோ மாவு. இட்லிக்கு 60 கிராம், தோசைக்கு 110 கிராம் என்று வைத்தால் 270 இட்லியும் 150 தோசையும் தேறும். உளுந்தைத் தனியாக 25-30 நிமிடம், தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் ஐஸ் தண்ணீராக இருக்கட்டும். கல் சூடேறி மாவு 30 டிகிரியைத் தாண்டிவிட்டால் உளுந்து பொங்காமல் பிசுபிசுப்பாக நிற்கும். ஆட்டும் நேரத்தை மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள். நான்கரைக்கு உப்புப் போட்டுக் கலந்து வைத்தால் பத்தரை வாக்கில் பொங்கி வரும். கடையில் ஆள் இருக்கும்போதே, கண் முன்னால். அப்போது சில்லருக்குள் (குளிர்பெட்டி) போய்விட வேண்டும்.

இங்கே ஒரு தவறு எல்லாக் கடையிலும் நடக்கிறது. நாற்பது லிட்டர் வாளியோடு மாவைத் தூக்கிச் சில்லரில் வைக்கிறார்கள். வாளியின் ஓரம் குளிர்ந்துவிடும். நடுவில் இருக்கும் மாவு விடிய விடியச் சூடாகவே இருந்து புளித்துக்கொண்டிருக்கும். காலையில் மேலே கரண்டி போட்டால் நன்றாக இருக்கிறது, பத்து மணிக்கு அடிமாவு புளிப்பு. பத்து சென்டிமீட்டர் ஆழத் தட்டுகளில் பாதிக்குச் சற்று மேல்வரை மட்டும் ஊற்றி, தட்டுக்குத் தட்டு காற்றுப் போக இடம் விட்டு அடுக்க வேண்டும். 4 டிகிரியில் மறுநாள் முழுக்கத் தாங்கும். கல்லுக்குப் போகும் முன் முக்கால் மணி நேரம் வெளியே.

கிரைண்டர் கழுவின தண்ணீரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அரிசிக் கஞ்சி கழிவுநீர்க் குழாயில் இறங்கி, கிரீஸ் டிராப்பின் (கழிவுநீரில் எண்ணெயைப் பிடிக்கும் தொட்டி) அடியில் சிமெண்ட் மாதிரிப் படியும். எண்ணெய்தான் அடைக்கும் என்று நினைத்துச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டால், அவர் வாரி எடுப்பதில் பாதி மாவு. முதல் கழுவல் தண்ணீரை வாளியில் பிடித்துத் தெளிய வைத்து, அடியில் நிற்பதைக் குப்பையில் போட்டால் இந்தச் செலவே வராது.

கல், வாயு, புகை

கோயம்புத்தூரிலிருந்து கிரைண்டரும் தோசைக் கல்லும் கப்பலில் ஏற்றுவது வழக்கம். கிரைண்டர் பிரச்சினையில்லை. இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பெரிய சாய்வு கிரைண்டர் மும்முனை மின்சாரம் கேட்கும் என்பதால் கடைக்கு எத்தனை ஆம்பியர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிட்டு ஏற்ற வேண்டும். ஒதுக்கீட்டைக் கூட்டக் கேட்டால் வாரக்கணக்கில் இழுக்கும்.

அடுப்புதான் சிக்கல். குழாயில் வருவது பல இடங்களில் நகர எரிவாயு. அதில் ஹைட்ரஜன் அதிகம், அதே கன அளவில் எல்.பி.ஜி.யைவிட வெப்பம் மிகவும் குறைவு. எல்.பி.ஜி.க்குத் துளை போட்ட ஜெட் (வாயு வெளிவரும் முனை) இதற்குச் சிறிது. கல் சூடேறவே ஏறாது. ‘துளையைப் பெரிதாக்கிவிடலாம்’ என்று கையால் துளைக்கிறவர்கள் உண்டு. ஹைட்ரஜன் சுடர் வேகமாக ஓடுவது, பர்னரின் துளை ஒத்துவராவிட்டால் தீ பின்வாங்கிக் குழலுக்குள்ளேயே எரியும். கல்லை மட்டும் கொண்டுவந்து, பர்னரை இங்கேயே நகர எரிவாயுவுக்கென்று செய்ததை வாங்கி, உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடம் பொருத்தச் சொல்வதுதான் வழி. கல் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மெல்லிய கல் கூட்ட நேரத்தில் தண்ணீர் தெளித்துத் தெளித்து வளைந்துபோகும், மாவு நடுக்குழியில் சேரும்.

புகைபோக்கி இல்லாத இடத்தைச் சமையலறையாக நினைக்கவே கூடாது. லிட்டில் இந்தியா 1989-இல் பழைய கட்டடங்களைப் பேணும் பாதுகாப்பு வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. கடைவீட்டின் முகப்பிலும் கூரையிலும் நினைத்தபடி கை வைக்க முடியாது. பின்சந்து வழியாகக் கூரைக்கு மேல் குழாய் ஏற்ற வேண்டும். மேல்மாடியில் விடுதியோ அலுவலகமோ இருந்தால் மிளகாய் தாளிக்கிற நெடி முதல் நாளே புகாராகப் போகும். ஏற்கெனவே உணவகம் நடந்த இடம் என்றால் குழாயின் விட்டம், விசிறியின் திறன், கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்பதற்கான ரசீது, மூன்றையும் கேளுங்கள். குளிர்பான, கேக் கடையாக இருந்த இடத்தில் குழாய் இருந்தாலும் தோசைக் கல்லுக்குப் போதாது.

கடையும் வாடகையும்

கையெழுத்துக்கு முன் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பதிவில் அந்த முகவரிக்கு உணவகப் பயன்பாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ‘முன்னாடியும் சாப்பாட்டுக் கடைதான்’ என்று முகவர் சொல்வது பதிவு ஆகாது. கடைக்கு முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் மேசை போடலாம் என்ற நினைப்பில் இருக்கை எண்ணிக்கை போடாதீர்கள்.

வாடகையை விற்பனையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். மாதம் 15,000 வெள்ளி வாடகை என்று ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 500. வாடகை விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் உள்ளவர்கள் வைக்கும் எல்லை. அப்படியென்றால் நாளுக்கு 2,500 வெள்ளி விற்க வேண்டும். ஒருவர் சராசரி 10 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 250 பேர். நாற்பது இருக்கைக் கடையில் ஒவ்வொரு நாற்காலியும் நாளுக்கு ஆறு தடவைக்கு மேல் நிரம்ப வேண்டும், திங்கட்கிழமையும் சேர்த்து. இதைப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்தக் கடை வாசலில் ஒரு முழு வாரம் நின்று எண்ணுங்கள். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமிருக்காது. அதைப் பார்த்து மயங்கி வாடகை ஒத்துக்கொண்டவர்கள் செவ்வாய்க்கிழமை ஈ ஓட்டுகிறார்கள். அலுவலகங்கள் நிறைந்த சாங்கி பிசினஸ் பார்க்கில் நேர்மாறு. வார நாளில் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை வரிசை, சனி ஞாயிறு வெறிச்.

மூன்று மாத முன்வைப்பு, மூன்றாண்டுக் குத்தகை என்பது பழக்கம். நான்காண்டுக்கு உட்பட்ட குத்தகைக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 சதவீதம். மேலே சொன்ன கடைக்கு 5,40,000 வெள்ளிக்கு 2,160. புதுப்பிப்பு வேலைக்கு வாடகையில்லாக் காலம் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தானாகக் கொடுக்கமாட்டார்கள்.

‘டேக் ஓவர்’ என்று ஒன்று வரும். ஓடிக்கொண்டிருக்கிற கடையின் அடுப்பு, மேசை, குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரு தொகை கொடுத்து அப்படியே எடுத்துக்கொள்வது. நல்ல வழிதான், புகைக்குழாயும் கிரீஸ் டிராப்பும் தயாராக இருக்கும். ஆனால் கொடுப்பது பொருளுக்கு மட்டும். உணவு உரிமம் கைமாறாது, புதிதாக எடுக்க வேண்டும். குத்தகையில் பதினான்கு மாதம்தான் மிச்சம் என்றால், வீட்டுக்காரர் புதுக் குத்தகையை எழுத்தில் கொடுக்கும் வரை ஒரு வெள்ளியும் கைமாறக் கூடாது.

உரிமையாளர் விஷயத்தில் சுருக்கமாக: அரசின் உணவங்காடி நிலையங்களில் கடை எடுக்கக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும், வெளிநாட்டவருக்கு அந்த வழி இல்லை. தனியார் நிறுவனம் பதியலாம், இங்கே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது வேண்டும். நிறுவனம் உங்களுடையது என்பதால் நீங்கள் கல்லாவில் உட்காரலாம் என்று ஆகிவிடாது. வேலைச் சீட்டு வரும் வரை வருகையாளர் அனுமதியில் கடையில் வேலை பார்ப்பது குற்றம். தொழில்முனைவோருக்கான சீட்டு புத்தாக்கம் கேட்கிறது, காப்பிக் கடையும் உணவு அங்காடியும் அதில் சேர்த்தியில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் (உயர்நிலை வேலைக்கான சீட்டு) வழிதான் மிச்சம்.

தட்டின் விலை

சிங்கப்பூர் உணவு அமைப்பின் சோதனை முன்னறிவிப்பின்றி வரும். குறைகளுக்குத் தண்டப் புள்ளி. 12 மாதத்துக்குள் 12 புள்ளி சேர்ந்தால் இரண்டு வாரமோ நான்கு வாரமோ உரிமம் நிறுத்தி வைக்கப்படும். இந்திய உணவகத்தில் பலவீனமான இடம் சட்னி. வாளியில் தேங்காய்ச் சட்னி காலை ஏழிலிருந்து மதியம் வரை கல்லின் பக்கத்துச் சூட்டில் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குப் போதுமான அளவு மட்டும் வெளியே, மிச்சம் 4 டிகிரியில். சூடாக வைக்கும் சாம்பார் 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. பழையதில் புதியதை ஊற்றிக் கலக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்த வேண்டும்.

விலைப் பட்டியல் எழுதும்போது பொருள் சேவை வரியை நினைத்துக்கொள்ளுங்கள். 2024-இலிருந்து 9 சதவீதம். ஆண்டு விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாள் கணக்கில் 2,740 வெள்ளி. மேலே பார்த்த கடை நன்றாக ஓட ஆரம்பித்தால் இரண்டாவது வருடமே அங்கே போய்விடும். அன்றைக்கு விலையை ஏற்றத் தயங்கினால் ஒவ்வொரு பத்து வெள்ளி பில்லிலும் 83 காசு உங்கள் கையிலிருந்து போகும். வரியைத் தனியாகக் காட்டி விலைக்குப் பின்னால் கூட்டல் குறி போடும் வசதி, சேவைக் கட்டணம் வசூலிக்கிற உணவகத்துக்குத்தான். சுயசேவைக் கடை வரியையும் சேர்த்த விலையையே பலகையில் எழுத வேண்டும்.

கிராப், ஃபுட்பாண்டா என்ற டெலிவரி செயலிகள் வழியாகப் போகும் சாப்பாட்டில் கமிஷன் 30 சதவீதம் வரை போகிறது. 12 வெள்ளி பிரியாணியில் 3.60 அவர்களுக்கு, 60 காசு டப்பாவுக்கு, நான்கு வெள்ளி சாமானுக்கு. மிச்சம் 3.80-இல் வாடகை, சம்பளம் எல்லாம். தோசையை அதில் விற்கவே வேண்டாம். டப்பாவுக்குள் இருபது நிமிடத்தில் துணி மாதிரி ஆகிவிடும், நட்சத்திரம் குறையும். இட்லி, பொங்கல், பிரியாணி பயணம் தாங்கும்.

சாமான் எல்லாம் எல்லை தாண்டி வருகிறது என்பதை மெனு நினைவில் வைத்திருக்க வேண்டும். 2022 ஜூன் 1 அன்று மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. 2023 ஆகஸ்டில் இந்தியா புழுங்கல் அரிசிக்கு 20 சதவீதமும் வெங்காயத்துக்கு 40 சதவீதமும் ஏற்றுமதி வரி போட்டது, டிசம்பரில் வெங்காய ஏற்றுமதியையே தடை செய்தது. இட்லி அரிசி புழுங்கல்தான். ஆறு வார அரிசியும் உளுந்தும் கையிருப்பில் இருந்தால் இப்படியான மாதங்களில் விலைப் பலகையைத் தொடாமல் தாண்டலாம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சைவ விற்பனை எகிறும், அசைவக் கடை காற்று வாங்கும். இரண்டும் சேர்ந்த கடை அந்த மாதம் இறைச்சிக் கொள்முதலை முன்கூட்டியே குறைக்க வேண்டும்.

மாடியில் நாலு அறை கட்டி லாட்ஜும் சேர்த்து நடத்தலாமே என்று நம்மூர்ப் பழக்கத்தில் கேட்கிறவர்கள் உண்டு. இங்கே அது வேறு தொழில். வாடகைக்குத் தங்க நான்கு அறை இருந்தாலே ஹோட்டல் சட்டத்துக்குள் வந்துவிடும். கட்டடத்துக்குப் பதிவு தனி, நடத்துகிறவருக்கு உரிமம் தனி, கட்டடத்துக்கு ஹோட்டல் பயன்பாட்டு அனுமதியும் இருக்க வேண்டும். வீட்டை நாள் வாடகைக்கு விடும் வழியும் கிடையாது, தனியார் வீட்டில் குறைந்தது மூன்று மாதத் தங்கல். சாப்பாட்டுக் கடை மூன்று வருடம் லாபத்தில் நின்ற பிறகு இந்தப் பேச்சை எடுக்கலாம்.

குத்தகையின் கடைசிப் பக்கங்களில் ‘பழைய நிலைக்குத் திருப்புதல்’ என்று ஒரு பிரிவு இருக்கும். கடையைக் காலி செய்யும்போது ஓடு, கூரை, குழாய் எல்லாவற்றையும் பிரித்து எடுத்து, வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படிக் கொடுக்க வேண்டும். டேக் ஓவர் செய்த கடையில் ‘வாங்கிய நாள்’ யாருடைய நாள்? உங்களுக்கு முந்தியவர் போட்ட புகைக்குழாயைப் பிரிக்கும் செலவும் உங்கள் தலையில் விழுமா? இதற்கான பதில் ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருக்க வேண்டும். சாவி வாங்கும் நாளிலேயே தரை, சுவர், கூரை, மீட்டர், குழாய் என்று எல்லா மூலையையும் தேதி விழுகிற மாதிரிப் படம் எடுத்து, அன்று மாலையே வீட்டுக்காரருக்கும் முகவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.